தோலில் ஒட்டும் மருந்துப் பம்ப்: நிரப்புவதிலிருந்து கழற்றுவது வரை

பேட்ச் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நிகோடின் பட்டையோ, வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டையோதான். இங்கே சொல்லப்போவது அது அல்ல. அந்தப் பட்டைகளில் ஊசி கிடையாது. மருந்து தோல் வழியாகவே மெல்ல ஊறி உள்ளே போகிறது. அப்படிப் போக மருந்தின் மூலக்கூறு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல் போனால் தோலின் மேலடுக்கு அநேகமாக விடாது. இன்சுலினோ ஏறக்குறைய 5,800 டால்டன். நாள் முழுக்கத் தோலில் தடவி வைத்தாலும் ஒன்றும் நடக்காது.

அதனால் இந்தப் பம்ப் வேறு வழியில் போகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் மருந்துத் தொட்டி, தள்ளும் பொறி, பேட்டரி, ஒரு குட்டி ஊசி. அடியில் ஒட்டுப் பசை. தோலில் ஒட்டியதும் ஊசி தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலத்துக்குள் இறங்குகிறது. அந்த வழியாக மருந்து மணிக்கணக்கில், சிலவற்றில் நாள்கணக்கில் போய்க்கொண்டே இருக்கிறது. இடுப்பில் மாட்டும் பழைய வகைப் பம்புகளில் இருப்பதுபோல் நீளக் குழாய் இல்லை.

தொடங்கும் முன்பே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தான் எவ்வளவு மருந்தை வெளியே தள்ளியது என்பது மட்டுமே பம்புக்குத் தெரியும். அதில் எவ்வளவு உங்கள் உடம்புக்குள் போனது என்பது அதற்குத் தெரியாது. திரையில் "கொடுத்தாயிற்று" என்று வரும். மருந்து பசைக்கு அடியில் ஈரமாகத் தேங்கிக் கிடக்கலாம். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடைவெளியைச் சமாளிப்பதற்காகத்தான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது.

முதல் வகை, அளவை மாற்றி மாற்றித் தொடர்ந்து கொடுப்பது. இன்சுலின் பம்புகள் பெரும்பாலும் இதில்தான் வரும். 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆம்னிபாட்தான் இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. 200 யூனிட் வரை கொள்ளும், 3 நாள் உடம்பில் இருக்கும், தனிக் கருவி மூலமோ போன் மூலமோ இயக்கலாம். 2022-ல் வந்த ஆம்னிபாட் 5, தோலில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரோடு பேசி அளவைத் தானே கூட்டிக் குறைக்கவும் செய்கிறது.

இரண்டாம் வகை எளிமையானது. வி-கோ என்ற கருவியில் பேட்டரியே இல்லை. 24 மணி நேரத்துக்கு 20, 30 அல்லது 40 யூனிட் என்று மூன்று அளவுகளில் வருகிறது. டாக்டர் எழுதியதை வாங்கி ஒட்ட வேண்டியதுதான். சாப்பாட்டுக்குப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 2 யூனிட், ஒரு நாளில் மொத்தம் 36 யூனிட் வரை. வகை 2 சர்க்கரை உள்ளவர்களில் தேவை அதிகம் மாறாதவர்களுக்கு இது போதும். திரையும் மெனுவும் கண்டாலே சலிப்பு வருகிறவர்களுக்கு இதுவே மேல் என்பது என் எண்ணம்.

மூன்றாம் வகை, ஒரே ஒரு டோஸ் கொடுத்துவிட்டு முடிந்துபோவது. கீமோதெரபிக்குப் பிறகு வெள்ளை அணுக்களைக் கூட்டக் கொடுக்கும் பெக்ஃபில்கிராஸ்டிமுக்கு நியூலாஸ்டா ஆன்ப்ரோ, இதய பலவீனத்தில் சேரும் நீரை இறக்க ஃபியூரோஸ்கிக்ஸ், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்கு ஸ்கைரிஸி மருந்தின் ஒட்டுக் கருவி எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கு விதிகள் கொஞ்சம் வேறு. பின்னால் தனியாக வருகிறேன். அதுவரை சொல்வதெல்லாம் பெரும்பாலும் இன்சுலின் பம்பை மனதில் வைத்து.

ஒட்டுவதற்கு முன்: மாற்று ஏற்பாடு

புதுக் கருவி கைக்கு வந்த ஆர்வத்தில் நேராகப் பெட்டியைப் பிரித்துவிடத் தோன்றும். அதற்கு முன் ஒரு சிறு பையைத் தயார் செய்யுங்கள். அதில் இருக்க வேண்டியவை: ஒரு உபரிப் பம்ப், இன்சுலின் குப்பி, சிரிஞ்ச் அல்லது இன்சுலின் பேனா, சர்க்கரை மானி, கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பார்க்கும் பட்டைகள், சர்க்கரை இறங்கினால் சாப்பிட குளுக்கோஸ். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் உங்கள் மணிவாரி அடிப்படை அளவு (சாப்பாட்டோடு சேராமல் நாள் முழுக்கப் போகும் இன்சுலின்), சாப்பாட்டுக் கணக்கு, உயர்ந்த சர்க்கரையை இறக்கும் கணக்கு, பம்ப் முழுவதுமாக நின்றுபோனால் எந்த நீண்ட நேர இன்சுலினை எத்தனை யூனிட் போட வேண்டும் என்பது வரை டாக்டர் சொல்லி எழுதி இருக்க வேண்டும். போனில் பதிந்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போனே பம்பின் ரிமோட்டாக இருந்து, அந்தப் போன் தொலைந்துபோனால்? காகிதத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

பேனாவிலிருந்து பம்புக்கு மாறும் முதல் நாள் அளவை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. முந்தின நாள் போட்ட நீண்ட நேர இன்சுலின் இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். தொடர்ந்து போகும் இன்சுலின் நன்றாக உறிஞ்சப்படுவதால், வழக்கமாக மொத்த அளவைக் கொஞ்சம் குறைத்தே தொடங்குவார்கள்.

படி 1: இடம் தேர்வு

வயிறு, மேல்கையின் பின்பக்கம், தொடையின் முன்பக்கம், இடுப்புக்கு மேலே பக்கவாட்டு முதுகு, பிட்டத்தின் மேல்பகுதி. கொழுப்பு கொஞ்சமாவது இருக்கும் இடங்கள் இவை. பொதுவாக வயிற்றில் மருந்து வேகமாக உறிஞ்சப்படும், தொடையிலும் பிட்டத்திலும் மெதுவாக. அதனால் வயிற்றிலிருந்து தொடைக்கு மாறிய அன்று சாப்பிட்ட பிறகு சர்க்கரை கொஞ்சம் முன்பின்னாக ஏறினால் பதறாதீர்கள்.

தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். முந்தைய இடத்திலிருந்து குறைந்தது 2.5 செ.மீ. தள்ளி. மச்சம், தழும்பு, பச்சை குத்திய இடம் வேண்டாம். நின்றபடி இடம் பார்த்தால் மட்டும் போதாது. உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். நிற்கும்போது சமமாகத் தெரியும் வயிறு உட்கார்ந்ததும் மடியும். மடிப்பில் ஒட்டிய பம்ப் சாயங்காலத்துக்குள் ஒரு ஓரம் தூக்கிவிடும். பெல்ட், பாவாடை நாடா, சீட் பெல்ட் உரசும் இடங்களும் அப்படித்தான். வயிற்றில் படுக்கைவாட்டிலோ சாய்வாகவோ, கையிலும் காலிலும் நெடுக்குவாட்டில் ஒட்டுவது வழக்கம்.

சென்சாரோடு பேசும் பம்ப் என்றால் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று "பார்க்கும்" இடத்தில், அதாவது நடுவே உடம்பு மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும். வலது கையின் பின்னால் சென்சார், இடது பிட்டத்தில் பம்ப் என்றால் புளூடூத் சமிக்ஞை உடம்பைக் கடக்க முடியாமல் அடிக்கடி அறுந்துபோகும். இரண்டுக்கும் நடுவே சுமார் 8 செ.மீ. இடமும் வேண்டும்.

இடத்தைச் சுழற்சியில் மாற்றுவது பற்றி எல்லோரும் சொல்வார்கள், யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. காரணம் எளிது: பழகிய இடத்தில் வலி குறைவு. ஆனால் வலி குறைவதற்குக் காரணமே அங்கே கொழுப்பு தடித்துக் கட்டிபோல ஆகத் தொடங்கியிருப்பதுதான் என்றும் இருக்கலாம். அந்தத் தடிப்புக்குள் போகும் இன்சுலின் ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. கண்ணால் பார்த்தால் தெரியாது. குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல்நுனிகளை வயிற்றில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். சுற்றியுள்ள சதையைவிட கெட்டியாக, ரப்பர்போல் ஒரு இடம் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் பல மாதங்களுக்குப் போகக் கூடாது. விட்ட பிறகு நல்ல இடத்தில் ஒட்டும்போது பழைய அளவே அதிகமாகிச் சர்க்கரை இறங்கலாம் என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 2: தோலைத் தயார் செய்வது

சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். ஈரப்பதம் தரும் சோப்பு, எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. முடி அதிகம் என்றால் முந்தின நாளே வெட்டிவிடுங்கள். மழித்த கையோடு ஒட்டினால் எரியும். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, தானாகக் காயும்வரை விடுங்கள். ஊதிக் காய வைக்காதீர்கள். ஸ்பிரிட் ஈரம் இருக்கும்போதே ஒட்டுவதுதான் மூன்றாம் நாளைக்கு முன்பே பம்ப் கழன்று விழுவதற்கு மிகச் சாதாரணமான காரணம்.

படி 3: நிரப்புவது

முதலில் எந்த மருந்து என்று பாருங்கள். இந்தப் பம்புகளில் போவது யூ-100 அடர்த்தியுள்ள (1 மி.லி.யில் 100 யூனிட்) வேக இன்சுலின் மட்டும். நீண்ட நேர இன்சுலினோ, கலங்கலாக இருக்கும் வகையோ ஒருபோதும் கூடாது. வேக இன்சுலின்களிலும் உங்கள் கருவியின் கையேட்டில் பெயர் சொல்லி அனுமதித்திருப்பவை மட்டும்.

குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து முன்னதாகவே எடுத்து வெளியே வையுங்கள். குளிர்ந்த இன்சுலினில் கரைந்திருக்கும் காற்று, சூடாகும்போது குமிழியாகப் பிரியும். அது பம்புக்குள் நடந்தால் வெளியேற்ற வழியில்லை. குமிழி என்றதும் ரத்தத்தில் காற்று போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம், இது ரத்தக்குழாயில் போவதில்லை. கவலை வேறு. யூ-100 இன்சுலினில் 1 யூனிட் என்பது 10 மைக்ரோலிட்டர். பம்ப் ஒரு தடவை தள்ளும் 0.05 யூனிட் என்பது அரை மைக்ரோலிட்டர்தான். ஒரு துளியில் நூற்றில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான கணக்கில் கடுகளவு குமிழி ஒன்று வந்தால்கூட அது கடந்துபோகும் வரை உங்களுக்குக் கிடைப்பது வெறும் காற்று. மணிக்கு 0.3 யூனிட் வாங்கும் சின்னக் குழந்தைக்கு, 1 யூனிட் அளவு குமிழி என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் இன்சுலினே இல்லை.

ஆகவே சிரிஞ்சில் எடுத்ததும் ஊசியை மேல்நோக்கிப் பிடித்து, விரலால் சுண்டிக் குமிழிகளை மேலே ஏற்றி வெளியே தள்ளுங்கள். சில்லறைக் குமிழி எல்லாம் போகும்வரை திரும்பத் திரும்ப. அப்புறம் பம்பின் நிரப்பும் துளையில் சிரிஞ்சை நேர்செங்குத்தாக வைத்து, மெதுவாக, ஒரே சீராக அழுத்துங்கள். சாய்த்துக் குத்தினால் துளையின் ரப்பர் சேதமாகிக் கசியலாம்.

எவ்வளவு நிரப்புவது? ஒரு நாள் தேவை 40 யூனிட் என்றால் மூன்று நாளுக்கு 120. அதோடு கருவி தன்னைத் தயார் செய்துகொள்ளச் செலவழிப்பதும், ஒரு விசேஷச் சாப்பாடோ காய்ச்சலோ வந்தால் கூடுதலாகத் தேவைப்படுவதும் சேர்த்து 140, 150. ஆம்னிபாட் 85 யூனிட்டுக்குக் குறைவாக இருந்தால் வேலையே தொடங்காது. அந்த அளவைத் தொட்டதும் இரண்டு முறை பீப் ஒலிக்கும். மிச்சமாகும் இன்சுலினைத் திரும்ப எடுத்து அடுத்த பம்பில் ஊற்றும் எண்ணம் யாருக்கும் வரத்தான் செய்யும். வேண்டாம். மூன்று நாள் உடம்புச் சூட்டில் இருந்த மருந்து அது.

படி 4: ஒட்டி, ஊசியை இறக்குவது

ஊசி மூடியைக் கழற்றியதும் ஒரு நொடி நின்று பாருங்கள். கேனுலா, அதாவது ஊசியோடு தோலுக்குள் இறங்கும் மெல்லிய குழாய், ஏற்கெனவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பம்பை ஒட்டாதீர்கள், வேறு எடுங்கள். பசைத் தாளில் சுருக்கமோ ஈரமோ இருந்தாலும் அப்படியே.

தாளை உரித்து ஒரே தடவையில் ஒட்டுங்கள். எடுத்து மறுபடி ஒட்டக் கூடாது. விரலால் ஓரங்களைச் சுற்றிச் சுற்றி அழுத்திவிடுங்கள். இந்தப் பசை அழுத்தத்திலும் கைச்சூட்டிலும்தான் நன்றாகப் பிடிக்கும். முழுப் பிடிப்பு வர நேரமாகும் என்பதால் ஒட்டிய கையோடு நீச்சலுக்கோ ஓட்டத்துக்கோ போகாதீர்கள்.

இனி ஊசி. ஆம்னிபாடில் பொத்தானை அழுத்தியதும் சில க்ளிக் சத்தங்களுக்குப் பிறகு திடீரென்று ஒரு சுருக். ஊசி கேனுலாவை உள்ளே விட்டுவிட்டுத் தானே பின்வாங்கிவிடும். உள்ளே இருப்பது மென்மையான பிளாஸ்டிக் குழாய் மட்டும். ஒல்லியானவர்களும் குழந்தைகளும் பம்பைச் சுற்றியுள்ள தோலை அகலமாகப் பிடித்துத் தூக்கி, சுருக் என்று ஆகும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேனுலா தசையைத் தொட்டு மடங்கிப்போகும்.

உடனே சரிபாருங்கள். ஆம்னிபாடின் மேல்பக்கத்தில் இளஞ்சிவப்பு அடையாளம் தெரிய வேண்டும்; கேனுலா இறங்கியதற்கு அதுதான் சாட்சி. பக்கத்துச் சன்னல் வழியாகப் பார்த்தால் குழாய் தோலுக்குள் போயிருப்பதும் தெரியும். துளி ரத்தம் தெரிந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சன்னல் முழுக்கச் சிவந்து, ரத்தம் நிற்காமல் வந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 5: முதல் சில மணி நேரம்

இங்கேதான் நிறையப் பேர் கவனத்தை விட்டுவிடுகிறார்கள். ஒட்டியாயிற்று, பீப் வந்தாயிற்று, வேலை முடிந்தது என்று. கேனுலா மடங்குவது, மருந்து பின்னோக்கிக் கசிவது, தடித்த இடத்தில் மாட்டிக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வெளிப்படும். அதனால் இரண்டு பழக்கம். ஒன்று, தூங்கப் போகும் நேரத்தில் புதுப் பம்ப் ஒட்டாதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் மாற்றுங்கள். இரண்டு, ஒட்டி ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரையைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? பம்பில் போவது வேக இன்சுலின் மட்டும். பேனா போடுகிறவருக்கு அடியில் நீண்ட நேர இன்சுலின் என்று ஒரு கையிருப்பு உண்டு. பம்ப் போடுகிறவருக்கு அது கிடையாது. ஓட்டம் நின்ற சில மணி நேரத்திலேயே, குறிப்பாக வகை 1 சர்க்கரை உள்ளவர்களுக்கு, கீட்டோன் ஏறத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை.

அடைப்பு வந்தால் அலாரம் அடிக்குமே என்று நம்பி இருக்க முடியாது. அடைப்பினால் உள்ளே போகாத இன்சுலின் கொஞ்சம் சேர்ந்து அழுத்தம் ஏறினால்தான் பம்புக்கே தெரியும். ஆம்னிபாட் கையேட்டின் கணக்குப்படி, மணிக்கு 1 யூனிட் ஓடும்போது அடைப்பைக் கண்டுபிடிக்கச் சாதாரணமாக 3 மணி நேரம், சில சமயம் ஐந்தரை மணி நேரம்கூட ஆகும். மணிக்கு 0.05 யூனிட் மட்டும் ஓடும் குழந்தைக்கு 51 மணி நேரம். அதாவது இரண்டு நாளுக்கும் மேல். கசிவு என்றால் இன்னும் மோசம்: அழுத்தமே ஏறாது, அலாரமே வராது.

கசிவைக் கண்டுபிடிக்க நம்பகமான கருவி உங்கள் மூக்குதான். இன்சுலினில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஃபீனால், மெட்டாகிரெசால் வாசனை ஆஸ்பத்திரிக் கிருமிநாசினியை நினைவுபடுத்தும். பம்ப் ஓரத்தை விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். அந்த வாசனை வந்தால், ஓரம் ஈரமாக இருந்தால், திரை என்ன சொன்னாலும் சரி, கழற்றிவிடுங்கள்.

காரணம் தெரியாமல் சர்க்கரை 250 மி.கி./டெ.லி.க்கு மேல் போனால் கீட்டோன் பாருங்கள். ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் பம்ப் வழியாகவே சர்க்கரையை இறக்கும் திருத்த அளவு கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மறுபடி பார்க்கலாம். இறங்கவில்லை என்றால் பம்பின் மேல் சந்தேகம். 0.6-க்கு மேல் என்றால் யோசிக்க வேண்டியதில்லை: முதலில் பேனாவாலோ சிரிஞ்சாலோ டாக்டர் சொல்லிவைத்த திருத்த அளவு, அப்புறம் புதுப் பம்ப், நிறையத் தண்ணீர். 1.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். 3-ஐத் தொட்டாலோ, வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு இருந்தாலோ அவசர சிகிச்சைதான். வீட்டில் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

இதில் ஒரு சிக்கலான இடம் உண்டு. பேனாவில் நீங்கள் போட்ட அளவு பம்புக்குத் தெரியாது. அதே சமயம் கசிந்துபோன இன்சுலினை அது உங்கள் உடம்பில் இருப்பதாகக் கணக்கில் வைத்திருக்கும். இரண்டு பக்கமும் தவறான கணக்கு. தானாக அளவு மாற்றும் பம்ப் என்றால், பேனா டோஸ் வேலை செய்து முடிக்கும்வரை தானியங்கி முறையை நிறுத்தி, கைமுறையில் வைப்பது பாதுகாப்பு. எத்தனை மணி நேரம் என்பதை அந்தத் துண்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குளியல், வெயில், ஸ்கேன், விமானம்

நீர் தாங்கும் திறன் கருவிக்குக் கருவி மாறும். ஆம்னிபாட் 7.6 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும்; அதன் கைக்கருவி தண்ணீரைத் தாங்காது. குளிக்கும்போது ரிமோட்டை வெளியே வைத்துவிட்டுப் போகலாம், அடிப்படை அளவு பம்பிலேயே பதிந்திருப்பதால் அது பாட்டுக்கு ஓடும். சாப்பாட்டு டோஸ் கொடுக்கத்தான் ரிமோட் வேண்டும்.

தண்ணீரைவிடச் சூடுதான் எதிரி. இன்சுலின் 37 டிகிரிக்கு மேல் தாங்காது. உடம்போடு ஒட்டி ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும் பம்பின் மேல் நேர் வெயில் பட்டால் அந்த எல்லையைத் தாண்டுவது சுலபம். வெந்நீர்த் தொட்டி, நீராவிக் குளியல், ஒத்தடப் பை இவற்றில் இரண்டு தொல்லை: மருந்து கெடும், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடி இன்சுலின் சட்டென்று உறிஞ்சப்படும். வெயிலில் துணி மூடியிருந்தாலே பெரும்பாலும் போதும்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் பம்போடு போகவே கூடாது. எக்ஸ்ரே, சி.டி.க்கும் கழற்றச் சொல்லும் கையேடுகள்தான் அதிகம். கழற்றிய பம்பை மறுபடி ஒட்ட முடியாது என்பதால், ஸ்கேன் தேதியைப் பம்ப் மாற்றும் நாளோடு சேர்த்து வாங்கிவிட்டால் ஒரு பம்ப் மிச்சம். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழி இருந்தால் விரிந்து கொஞ்சம் மருந்தைத் தள்ளலாம். சரியாக நிரப்பியிருந்தால் பெரிய பிரச்சினை இல்லை, சர்க்கரையை மட்டும் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உதிரிப் பம்புகளும் இன்சுலினும் கைப்பையில், சரக்கில் போடும் பெட்டியில் அல்ல.

தோல் எதிர்ப்புத் தெரிவித்தால்

கழற்றிய இடம் சிவந்து ஓரிரு நாளில் அடங்கினால் அது சாதாரண உரசல். பசையின் அச்சு அப்படியே தெரியும்படி தடித்து, கொப்புளமாகி, ஒவ்வொரு முறையும் முன்பைவிட மோசமானால் அது ஒவ்வாமை. பல ஒட்டுக் கருவிகளில் இதற்குக் காரணமாகப் பிடிபட்டது ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள். இது ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு மறக்காது. தோல் டாக்டரிடம் பேட்ச் சோதனை செய்து என்னவென்று தெரிந்துகொள்வதுதான் உருப்படியான வழி. தற்காலிகமாகத் தோல்மேல் பாதுகாப்புப் படலம் தரும் துடைப்பான்கள், பம்புக்கு அடியில் ஹைட்ரோகொலாய்டு பட்டை (காயத்துக்கு ஒட்டும் ஜெல் பட்டை) போன்றவை உதவும். அடியில் எது வைத்தாலும் கேனுலா போகும் இடத்தைத் துளையிட்டு விடுங்கள்; இல்லாவிட்டால் கேனுலா இறங்கும் ஆழம் குறையும்.

சிவப்போடு சூடும் வீக்கமும் சீழும் சேர்ந்தால் அது தொற்று. பம்பைக் கழற்றி வேறு இடத்தில் ஒட்டுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

ஒரே டோஸ் கருவிகள்

இங்கே அளவு கணக்கு எதுவும் உங்கள் பொறுப்பில் இல்லை. காவல் மட்டும்தான்.

நியூலாஸ்டா ஆன்ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெக்ஃபில்கிராஸ்டிம் மருந்தைக் கீமோ முடிந்த 24 மணி நேரத்துக்குள் கொடுக்கக் கூடாது. அந்த ஒரு ஊசிக்காக, களைத்துப்போன நோயாளி மறுநாள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருந்தது. 2014-ல் வந்த இந்தக் கருவியை கீமோ அன்றே நர்ஸ் நிரப்பி ஒட்டிவிடுவார். சுமார் 27 மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு ஏறத்தாழ 45 நிமிடத்தில் மருந்தைக் கொடுக்கும். ஒட்டிய நேரத்தைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் எல்லாம் சரி. சிவப்பு என்றால் உடனே போன் செய்யுங்கள். 26-லிருந்து 29-ஆவது மணி வரை வண்டி ஓட்டாதீர்கள், பயணம் வேண்டாம், கூட ஒருவர் இருக்கட்டும். செல்போன், மைக்ரோவேவ் போன்றவை 10 செ.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். இந்தக் கருவி உள்ளவர்கள் அந்தப் பக்கத்து பாக்கெட்டில் போன் வைக்காமல் இருப்பது நல்லது. முடிந்ததும் கழற்றி, அளவுகாட்டி காலி என்ற கோட்டுக்கு வந்திருக்கிறதா, பசை நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் "கொஞ்சம்தானே" என்று விட வேண்டாம். டோஸ் முழுதாகப் போகாவிட்டால் தொற்றை எதிர்க்கும் அணுக்கள் குறைவாகவே இருக்கும். டாக்டர் மறு டோஸ் கொடுக்க வேண்டி வரலாம்.

2022-ல் அனுமதி பெற்ற ஃபியூரோஸ்கிக்ஸ் வேறு மாதிரி. இதில் இருக்கும், நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபியூரோசமைடு ஊசி மருந்து இயல்பில் காரத்தன்மை உள்ளது, தோலடியில் எரியும். இதில் அதை நடுநிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 80 மி.கி. மருந்து 5 மணி நேரத்தில் போகும்: முதல் மணி நேரத்தில் 30, அப்புறம் மணிக்கு 12.5. நோயாளியே வீட்டில் ஒட்டலாம். சிறுநீர் அடிக்கடி வரும் என்பதால் கழிப்பறை பக்கத்தில் இருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய எடையையும் மறுநாள் எடையையும் குறித்து வைத்தால் டாக்டருக்குப் பயன்படும். மூச்சு முட்டி, படுக்கவே முடியாத நிலைக்கு இது மருந்தல்ல, அதற்கு ஆம்புலன்ஸ்தான்.

கழற்றுவதும் அப்புறப்படுத்துவதும்

நாள் முடிந்தும் மருந்து மிச்சம் இருக்கிறதே என்று இழுக்காதீர்கள். ஆம்னிபாட் 72 மணி நேரத்துக்குப் பிறகு 8 மணி நேரம் அவகாசம் தந்து, 80-ல் நின்றுவிடும். கேனுலாவைச் சுற்றி உடம்பு எதிர்வினை காட்டத் தொடங்குவதால் மூன்றாம் நாள் கடைசியில் உறிஞ்சும் தரமும் குறையும். சிலருக்கு இரண்டரை நாளிலேயே சர்க்கரை ஏறத் தொடங்கும். அவர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பசையைப் பிய்த்து இழுக்காமல், ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் அல்லது பசை நீக்கி விட்டு ஊறவைத்து, ஒரு கையால் தோலை அழுத்தியபடி மறு கையால் தோலோடு ஒட்டித் தாழ்வாக உரியுங்கள். கழற்றியதும் கேனுலாவைப் பாருங்கள்: மடங்கியிருக்கிறதா, ரத்தம் உறைந்திருக்கிறதா. சர்க்கரை ஏன் ஏறியது என்ற கேள்விக்குப் பலமுறை விடை அங்கேயே இருக்கும். படம் எடுத்து, தேதியும் ஒட்டியிருந்த இடமும் குறித்து வைத்தால் நான்கைந்து பம்புக்குப் பிறகு எந்த இடம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்துவிடும்.

பழுதான பம்ப் கழற்றிய பிறகும் விடாமல் அலறுவது உண்டு. ஆம்னிபாடில் இதற்கென்றே ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள்: அடிப்பக்கத்தில், சதுரமான முனையில் பசைத் தாளை உரித்து, விரித்த பேப்பர் கிளிப்பை உள்ளே அழுத்தினால் அடங்கும். மாற்று ஏற்பாட்டுப் பையில் ஒரு பேப்பர் கிளிப்பையும் போட்டு வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தேடினால் கிடைக்காது.

உள்ளே பேட்டரி இருக்கும் கருவிகளை எரிக்கக் கூடாது. உடம்பில் பட்ட கேனுலா இருப்பதால் சாதாரணக் குப்பையிலும் போடக் கூடாது. ஊசிகளுக்கென்று இருக்கும் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, ஆஸ்பத்திரியிலோ மருத்துவக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.